கழிச்சுச் சொன்ன எடை

பட்டாசு! ஏய் பட்டாசக்கா!

இப்படிக் கூப்பிட்டா எங்கே இருந்தாலும் ஓடி வந்து முதுகிலே ஒண்ணு வைப்பா. அதுக்காகவே கூப்பிடுவேன். வீட்டிலே வச்ச பேரு வேறே. ஆனா மட்டாஞ்சேரியிலே எங்க தெரு முழுக்க அவளைப் பட்டாசுன்னுதான் சொல்லும். தீ வைக்கணும்னுகூட இல்லே, பக்கத்திலே போனாலே வெடிக்கும்.

என்னைவிட நாலு வயசு மூப்பு. என் இடது கையிலே முழங்கைக்குக் கீழே அவ பல்லு பதிஞ்ச தழும்பு இன்னும் இருக்கு. அவளோட ரிப்பனை எடுத்துப் பட்டத்துக்கு வால் கட்டினேன்னு கடிச்சது. ரத்தம் வந்ததும் அவளே மஞ்சப்பொடி வச்சு அழுத்தினா. "அழுதே, அடுத்த கையும் கடிப்பேன்"னு சொன்னா. அதுதான் அவளுக்குத் தெரிஞ்ச சமாதானம்.

அப்பாவுக்குக் கார்ப்பரேஷன்லே ரோடு கூட்டுற வேலை. குடிச்சிட்டு வந்தா அம்மாவைப் போட்டு அடிப்பாரு. ஒரு நாள் அம்மாவோட முடியைக் கையிலே சுத்திப் பிடிச்சு, தலையைச் சுவத்திலே மோதிக்கிட்டு இருந்தாரு. நான் கட்டிலுக்கு அடியிலே. அக்காவுக்கு அப்போ பதினாலு வயசு. ரோடு கூட்டுற நீளக்கம்புத் துடைப்பத்தை எடுத்து அப்பாவோட முழங்கால்லே ஒரே அடி. சத்தம் கேட்டுச்சு, எலும்பு சத்தம். அப்பா ரெண்டு வாரம் நொண்டினாரு. அதுக்கப்புறம் அக்கா வீட்டிலே இல்லாத நேரம் பாத்துத்தான் அம்மாவைத் தொடுவாரு. பிறகு ஒரு மழைக்காலத்திலே மஞ்சக்காமாலை வந்து செத்துப்போனாரு. நான் அழுதேன். அக்கா என் தொடையைக் கிள்ளி, "எதுக்குடா அழறே, இன்னும் அடி வேணுமா?"ன்னா.

நான் ஆறாங்கிளாஸ் வரைதான் போனேன். ஸ்கூல்லே மலையாளம். இந்தத் தமிழ் எழுத்து அக்கா சொல்லித் தந்தது, விரல்மேலே ஸ்கேலாலே அடிச்சு. தப்பு இருந்தா அவளுக்குக் கை ஓஞ்சுபோச்சுன்னு நெனச்சுக்கோங்க.

ஞாயித்துக்கிழமை நாங்க ரெண்டுபேரும் ஒரு சைக்கிள்லே இடக்கொச்சிக்குப் போவோம். அப்போ நெடும்பாசேரி ஏர்போர்ட் வரலே. துறைமுகம் இருக்கிற ஐலண்டிலேதான் பிளேன் ஏறும், இறங்கும். தெக்கே பாத்து ஏறுற பிளேன் இடக்கொச்சிக் காயல் தண்ணிக்கு மேலே போகும். தென்னைமரம் ஆடும். பிள்ளைங்க எல்லாம் கைகாட்டுவாங்க. எங்க அக்கா கல்லெடுத்து எறிவா.

"ஏண்டி எறியறே?"

"திமிரைப் பாரு, தலைக்கு மேலே போகுது. ஒரு நாள் நானும் உள்ளே உக்காந்து உன் தலையிலே துப்புவேன், பாத்துக்கிட்டே இரு."

கல்லு எங்கே போய்ச் சேரும், காயல்லேதான் விழும். இருந்தாலும் ஒவ்வொரு வாரமும் எறிவா.

பஜார்லே மிளகு, சுக்கு, ஏலக்கா ஏத்தி அனுப்புற ஒரு முதலாளி வீட்டிலே அம்மா பாத்திரம் கழுவினா. அந்த வீட்டுச் சின்ன முதலாளிக்குப் பொண்ணு பொறந்ததும் பிள்ளையைப் பாத்துக்க அக்காவைக் கூட்டிக்கிட்டாங்க. பிள்ளை பேசத் தொடங்கினதே அக்காவை "சேச்சி"ன்னு கூப்பிட்டுத்தான். யாராவது அந்தப் பிள்ளையை அதட்டினா அக்கா முறைப்பா. முதலாளின்னு பாக்கமாட்டா. "உம் மூஞ்சியைப் பாத்துப் பிள்ளை பயப்படுது, அப்பாலே போ"ன்னு சின்ன முதலாளியோட அம்மாவையே சொல்லியிருக்கா.

சின்ன முதலாளி வெளிநாட்டிலே படிக்கும்போது பிளேன் ஓட்டக் கத்துக்கிட்டவரு. வேலைக்கில்லே, ஆசைக்கு. ஒரு கூட்டுக்காரரோட சேந்து சின்ன பிளேன் ஒண்ணு வச்சிருந்தாரு. மூக்கிலே ஒரே ஒரு பங்கா, ஆறு சீட்டு, காரைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். அவரு பொண்டாட்டியை நாங்க கொச்சம்மான்னு சொல்லுவோம். கொச்சம்மாவோட பிறந்த வீடு தமிழ்நாட்டிலே. தம்பி கல்யாணத்துக்குக் குடும்பத்தோட பிளேன்லே போறதுன்னு முடிவாச்சு. பிள்ளைக்கு அப்போ நாலு வயசு. பிள்ளை போனா அக்காவும் போகணும்.

அன்னைக்கு ராத்திரி அக்கா வீட்டுக்கு வந்து என்னைப் பிடிச்சு ஒரு தள்ளு தள்ளினா. சந்தோஷம் வந்தா தள்ளுவா. "ஞாயித்துக்கிழமை காலையிலே இடக்கொச்சியிலே வந்து நில்லுடா. துப்பறேன்."

இனி நான் செஞ்சதைச் சொல்லணும்.

நான் அதே முதலாளியோட குடோன்லே எடை போடுற வேலையிலே இருந்தேன். சேந்த முதல் வாரம், மிளகுச் சாக்கைத் தூக்கி மெஷின்லே வச்சு, முள்ளு காட்டினதை அப்படியே கத்திச் சொன்னேன். எங்க கூட்டத்துக்குத் தலைவன், மூப்பன்னு சொல்லுவோம், வந்து செவுள்லே ஒரு அறை விட்டாரு. காது ரெண்டு நாள் கேக்கலே.

"சாக்கோட சேத்தா சொல்றே? சாக்கை நீ திங்கிறியா?"

சரக்கு எவ்வளவோ அதை மட்டும்தான் சொல்லணும். சாக்குன்னா ரெண்டு கிலோ கழி. மரப்பெட்டின்னா எட்டு கிலோ கழி. கழிச்சுட்டுத்தான் வாயைத் திறக்கணும். மறந்தா அறை. ஒரு வருஷத்திலே எனக்கு யோசிக்கவே வேண்டாம்னு ஆயிடுச்சு. கண்ணு முள்ளைப் பாக்கும், வாய் கழிச்சுச் சொல்லும். நடுவிலே நான் இல்லே.

சனிக்கிழமை மத்தியானம் சின்ன முதலாளி குடும்பத்தோட குடோனுக்கு வந்தாரு. சின்ன பிளேன்லே எடை ரொம்ப முக்கியமாம். ஆளு, பெட்டி, எல்லாம் எடை போட்டுத்தான் ஏத்தணுமாம். ஒரு பெட்டியைக் கவுத்துப்போட்டு உக்காந்து, பென்சிலும் சின்ன நோட்டும் எடுத்தாரு.

"மோனே, நீ சொல்லு, நான் எழுதறேன். சரியாச் சொல்லணும் கேட்டோ."

முதல்லே ஆளுங்க. சின்ன முதலாளி, கொச்சம்மா, பிள்ளை. அப்புறம் அக்கா ஏறினா.

"அம்பத்திரெண்டு!"

"சாக்கு கழிச்சியாடா?"ன்னா அக்கா.

"உனக்கு ஏதுடி சாக்கு? கொழுப்பைத்தான் கழிக்கணும்."

காலிலே கிடந்த செருப்பு என் காதோரமாப் பறந்துச்சு. "இந்தா, இதையும் கழிச்சுக்கோ நாயே!"

குடோனே சிரிச்சுச்சு. மூப்பன், "பட்டாசுக்கு ஈரம் கழிக்கணும்டா, இல்லேன்னா வெடிக்காது"ன்னாரு. சின்ன முதலாளியும் சிரிச்சாரு. பிள்ளை ஒண்ணும் புரியாம அக்காவைப் பாத்துக் கைதட்டுச்சு. அந்தச் சிரிப்பு அடங்கறதுக்குள்ளே பெட்டி வந்துச்சு.

கல்யாணத்துக்குக் கொடுக்கிற வெங்கலச் சாமான், மூணு மரப்பெட்டி. அப்புறம் ஏலக்கா ஒரு சாக்கு, முந்திரி ஒரு சாக்கு. முதல் பெட்டி நாப்பத்தொண்ணு காட்டுச்சு. முப்பத்திமூணுன்னு கத்தினேன். அடுத்தது முப்பத்தொம்பது. முப்பத்தொண்ணுன்னு கத்தினேன். எல்லாம் அப்படியே. சுத்தி பத்துப் பேரு நின்னாங்க. ஒருத்தருக்கும் தப்பாத் தோணலே. அங்கே எல்லார் காதும் கழிச்சுக் கேட்டே பழகினது.

பிளேனு பெட்டியைக் கழட்டி வச்சிட்டுச் சரக்கை மட்டும் தூக்குமா?

சின்ன முதலாளி கூட்டிப் பாத்துட்டு, "இன்னும் கொஞ்சம் ஏத்தலாம், இடம் இருக்கு"ன்னாரு.

கொச்சம்மா உடனே, "அப்போ அந்த உருளி?"ன்னு கேட்டாங்க. பாயசம் வைக்கிற பெரிய வெங்கல உருளி. எடை தாங்காதுன்னு ரயில்லே அனுப்ப ஒதுக்கி வச்சிருந்தது. அதையும் பெட்டியோட தூக்கிட்டு வந்து வச்சாங்க. முள்ளு முப்பத்தஞ்சிலே நின்னுச்சு.

"இருபத்தேழு!"

"அப்போ சரி. அதும் போகட்டும்."

நாலு பெட்டிக்கு எட்டு எட்டா முப்பத்திரெண்டு, ரெண்டு சாக்குக்கு நாலு. மொத்தம் முப்பத்தாறு கிலோ. பத்துப் பதினோரு வயசுப் பிள்ளை ஒண்ணோட எடை. கணக்கிலே இல்லாத ஒரு ஆளை அந்தப் பிளேன்லே நான் ஏத்திவிட்டேன்.

மறுநாள் மழை விட்டு வெயில் கொளுத்துச்சு. நான் இடக்கொச்சிக் கரையிலே நின்னேன். வஞ்சியிலே, சின்னத் தோணிதான், ரெண்டு சேட்டன்மார் வலையை உதறிக்கிட்டு இருந்தாங்க. வடக்கே சத்தம் கேட்டதும் எனக்கு உடம்பு துள்ளுச்சு. குனிஞ்சு ஒரு கல்லை எடுத்துக்கிட்டேன். அவ பாத்தா சிரிப்பாள்லே?

பிளேன் வந்துச்சு. ரொம்பத் தாழ வந்துச்சு. எப்பவும் வர்ற உயரத்திலே பாதிகூட இல்லே. துப்பறதுக்குத்தான் தாழ வரச் சொன்னாளோன்னு ஒரு நிமிஷம் நெனச்சுட்டேன். "பட்டாசூ!"ன்னு கத்திக்கிட்டே கல்லை எறிஞ்சேன்.

என் கல்லு தண்ணியிலே விழறதுக்கு முன்னே பிளேன் இருமுற மாதிரி ரெண்டு தடவை சத்தம் போட்டுச்சு. இடது ரெக்கை சாஞ்சுச்சு. அப்படியே காயல்லே போய் மோதுச்சு. தண்ணிதானே, மெத்துன்னு விழும்னு நெனப்பீங்க. கருங்கல்லிலே மோதின சத்தம். ஒரு ரெக்கை பிஞ்சு சுழண்டுக்கிட்டே போய் வஞ்சிக்குப் பக்கத்திலே விழுந்துச்சு.

நான் குதிச்சுட்டேன். சேட்டன்மார் வஞ்சியைத் திருப்பினாங்க. தண்ணியெல்லாம் பெட்ரோல் நாத்தம், கண்ணு எரிஞ்சுச்சு. பிளேனோட மூக்கு மூழ்கி வாலு தூக்கி நின்னுச்சு. சின்ன முதலாளியோட நெத்தித் தோலு கிழிஞ்சு கண்ணுமேலே தொங்கிச்சு. ஒரு சேட்டன் அவரைக் கழுத்தைப் பிடிச்சு இழுத்தாரு. கொச்சம்மா கை எலும்பு வெளியே தெரிஞ்சுச்சு, அந்தக் கையாலேயே "மோளே, மோளே"ன்னு தண்ணியை அடிச்சாங்க.

நான் பின்னாலே போனேன். ஜன்னல் உடைஞ்சிருந்துச்சு. அந்த ஓட்டை வழியா பிள்ளையோட தலை வந்துச்சு. உள்ளேயிருந்து அக்கா தள்ளிக்கிட்டு இருந்தா. கண்ணாடிச் சில்லு பிள்ளையோட விலாவைக் கிழிச்சுது, பிள்ளை அலறுது, அக்கா நிறுத்தலே, தள்ளினா. நான் பிள்ளையோட முடியைப் பிடிச்சு இழுத்து வஞ்சியிலே எறிஞ்சேன். எறிஞ்சேன்னுதான் சொல்லணும்.

திரும்பி வந்து அக்காவோட கையைப் பிடிச்சேன். பின்னாடி வச்ச பெட்டியெல்லாம் முன்னாலே சரிஞ்சு வந்திருந்துச்சு. உருளிப்பெட்டி அவ இடுப்பிலே, சீட்டோட சேத்து நசுக்கிட்டு நின்னுச்சு. காலை ஜன்னல்லே முட்டுக்கொடுத்து இழுத்தேன். அவ தோள்லே ஏதோ முறிஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு. அசையலே. தண்ணி அவ வாய்க்கு வந்துச்சு, கண்ணுக்கு வந்துச்சு. கையை உதறினா. அந்தக் கையாலே என் மூஞ்சியிலே அடிச்சா, ஒண்ணு, ரெண்டு, மூணு. மூக்கிலே ரத்தம் வந்துச்சு. விட்டுட்டுப் போடான்னு அடிச்சாளா, இன்னும் இழுடான்னு அடிச்சாளா, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நாலாவது அடி பாதியிலே நின்னுபோச்சு.

பிளேனோட சேந்து நானும் கீழே போனேன். ஒரு சேட்டன் தலைமுடியைப் பிடிச்சு மேலே இழுத்து, வஞ்சியிலே போட்டு, நான் மறுபடி குதிக்காம இருக்க நெஞ்சுமேலே ஏறி உக்காந்தாரு.

சாயங்காலம்தான் அக்காவை எடுத்தாங்க. அம்மா பாக்கிற மாதிரி இல்லே. நான் பாத்தேன்.

மூணாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சின்ன முதலாளி தலை பூரா தையல் போட்டுப் படுத்திருந்தாரு. என்னைப் பாத்ததும் அழுதாரு. அப்புறம் மெதுவா ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. "மோனே, பெட்டி எடையையும் சேத்துத்தானே சொன்னே?"

அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிஞ்சுது. அதுவரைக்கும் தோணவே இல்லே, சத்தியமா. பதில் சொல்லாம இருக்கிறதுக்காக அவரை அடிச்சேன். "எங்க அக்காவைக் கொன்னுட்டு என்னையே கேள்வி கேக்கிறியா"ன்னு தையல் மேலேயே குத்தினேன். தையல் பிரிஞ்சு ரத்தம் தலையணையிலே ஓடுச்சு. அவரு கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லே. நர்சும் அட்டெண்டரும் என்னை இழுத்துப் போட்டு மிதிச்சாங்க. அந்த மிதி நல்லா இருந்துச்சு.

விசாரிக்க ஆபீசருங்க வந்தாங்க. எஞ்சின் சக்தி கொறஞ்சிருக்கு, எடையும் கூடிப்போச்சுன்னு சொன்னாங்களாம். எடை இல்லேன்னா தப்பிச்சிருக்குமான்னு நான் யாரைக் கேக்கிறது? சின்ன முதலாளி, "தப்பு என்னுது, நான் இன்னொருவாட்டி எடை பாக்கலே"ன்னு எழுதிக் கொடுத்தாரு. என் பேரைச் சொல்லலே. அதுக்கப்புறம் பிளேன் பக்கமே போகலே.

நானும் சொல்லலே. குடோனை விட்டேன். வைட்டிலா ஜங்ஷன்லே பழக்கடையிலே நின்னேன். அங்கேயும் தராசு. அதையும் விட்டு இப்போ கட்டட வேலைக்குக் கல்லு சொமக்கிறேன்.

அம்மாவுக்கு உலகத்திலே ஒரே எதிரி சின்ன முதலாளி. அந்த வீட்டு வேலையை விட்டுட்டு இறால் உரிக்கிற ஷெட்டுக்குப் போனா. ரோட்டிலே அவரைப் பாத்தா மண்ணை வாரித் தூத்துவா. ஒரு தடவை போட் ஜெட்டிக்கிட்ட வச்சு கருங்கல்லை எறிஞ்சா. அதே நெத்தி, அதே இடம் பொளந்துச்சு. அவரு கைக்குட்டையை வச்சு அழுத்திக்கிட்டு நடந்தாரு. நான் பக்கத்திலே நின்னேன். என் நெத்தியிலே விழவேண்டிய கல்லு. வாயைத் திறக்கலே. வருஷம் ஏழு ஓடிப்போச்சு.

இந்த வருஷம் அக்காவோட திதி அன்னைக்கு, காலையிலே அம்மா தோசை சுட்டுக்கிட்டு இருந்தா. வாசல்லே ஒரு சைக்கிள் வந்து நின்னுச்சு. அந்தப் பிள்ளை. பதினோரு வயசு, பாவாடை சட்டை. தனியா வந்திருந்துச்சு.

"சேச்சியோட முகம் எனக்கு ஓர்மை இல்லே. ஒரு போட்டோ இருந்தா தருவீங்களா? பாத்துட்டுத் திருப்பித் தந்துடறேன்."

அம்மா எழுந்து வந்தா. யாரோட பிள்ளைன்னு ஒரு நிமிஷத்திலே தெரிஞ்சுபோச்சு. கையிலே இருந்த தோசைத் திருப்பியாலே, அடுப்பிலேருந்து எடுத்த சூட்டோட, பிள்ளையோட கையிலே வச்சு அடிச்சா. "உங்கப்பன் தின்ன உயிருடி! போட்டோ வேணுமாம், போட்டோ!" ரெண்டாவது அடிக்குக் கை ஓங்கினா. பிள்ளை ஓடலே. தோலு செவந்து பொங்குது, கண்ணிலே தண்ணி நிக்குது, ஆனா அங்கேயே நின்னுச்சு.

நான் நடுவிலே போய் விழுந்தேன். "அவளை அடிக்காதே. அவளோட அப்பன் இல்லே. நான்தான்."

சொன்னேன். மெஷின், முள்ளு, பெட்டி, எட்டு கிலோ, உருளி, எல்லாம். பிள்ளையும் கேட்டுக்கிட்டு நின்னுச்சு.

அம்மா திருப்பியைக் கீழே போட்டா. மூலையிலே அப்பாவோட பழைய துடைப்பக்கம்பு இருந்துச்சு, அக்கா அப்பாவை அடிச்சது. அதை எடுத்தா. முதுகு, தோளு, தலைன்னு பாக்கலே. ஷெட்டிலே இறால் உரிச்சு உரிச்சு வெந்துபோன கை, அதிலே அவ்வளவு பலம் எங்கிருந்து வந்துச்சோ. கம்பு ரெண்டா ஒடைஞ்சுச்சு. ஒடைஞ்ச துண்டாலேயும் அடிச்சா. பிள்ளைதான் "மதி, அம்மே, மதி"ன்னு அழுது அவ இடுப்பைக் கட்டிப் பிடிச்சுது. போதும்னு சொல்லுது. யாருக்காக யாரு சொல்றது பாருங்க.

அம்மா மூச்சு வாங்கிக்கிட்டுத் தரையிலே உக்காந்தா. தோசை கருகி வீடெல்லாம் பொகை. என்னைப் பாக்காமலே கேட்டா.

"அந்த உருளிப்பெட்டி எவ்வளவுடா இருந்துச்சு?"

"இருபத்..." வாய் பழக்கத்திலே அப்படித்தான் தொடங்குச்சு.

"கழிக்காம சொல்லு."

"முப்பத்தஞ்சு கிலோ, அம்மா."

அம்மா ரெண்டு கையையும் நீட்டி, அந்த எடையைத் தூக்கிப் பாக்கிற மாதிரி கொஞ்ச நேரம் வச்சிருந்தா. அப்புறம் எழுந்து தேங்காயெண்ணெய் எடுத்து பிள்ளையோட கையிலே தடவினா. டிரங்குப் பெட்டியைத் திறந்து அக்காவோட ஒரே ஒரு போட்டோவை எடுத்தா. ரேஷன்கார்டுக்கு எடுத்தது. போட்டோக்காரரையே முறைச்சுக்கிட்டு இருப்பா அதிலே. பிள்ளை அதை ரொம்ப நேரம் பாத்துச்சு.

"கோபமா இருக்காங்களா?"

"அது அவ சாதாரண மூஞ்சி"ன்னா அம்மா.

மறுநாள் நான் சின்ன முதலாளி வீட்டுக்குப் போய் சொல்லிட்டேன். அடிங்கன்னேன். அவரு அடிக்கலே. "எனக்கு அப்பவே தெரியும் மோனே, நீ அடிச்ச அடியிலேயே தெரிஞ்சுது"ன்னாரு. அடிச்சிருக்கலாம்.

அம்மா இன்னும் என்கூடப் பேசலே. சோறு போட்டு வைக்கிறா. தட்டை டங்குன்னு வைக்கிறா.

இதைப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும், கோயிலுக்குப் போறவங்களோ பள்ளிவாசலுக்குப் போறவங்களோ சர்ச்சுக்குப் போறவங்களோ, எல்லாரும் எங்க பட்டாசுக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கணும். எனக்கு வேண்டாம். அவளுக்கு அமைதி கிடைக்கட்டும்னு கேக்காதீங்க, அமைதி அவளுக்கு ஒத்துக்காது. இப்போ அவ இருக்கிற இடம் நெருக்கமா இருக்கக்கூடாது, அவ கையை நல்லா ஓங்கி வீச இடம் இருக்கணும்னு சாமிகிட்டே கேளுங்க.